கறுப்பா, வெள்ளையா? வாசகர் கேள்விகளுக்கு ஒரு பெயிண்டரின் பதில்கள்

புதுக் கார் வாங்கும்போது நிறம் தேர்ந்தெடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதில் சொல்பவர் கார் பட்டறையில் ஸ்ப்ரே கன் பிடித்தே தலை நரைத்தவர்.

கேள்வி: ஐயா, எனக்குக் கறுப்புதான் வேண்டும். என் மனைவி வெள்ளை என்று பிடிவாதமாக இருக்கிறார். வண்டி நாள் முழுக்க வெயிலில்தான் நிற்கும், கூரை கிடையாது. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்.

பதில்: கணவன் மனைவி சண்டையில் மூன்றாம் மனிதன் தலையிடக் கூடாது என்பார்கள். ஆனால் 'கூரை கிடையாது' என்று நீங்களே எழுதி மாட்டிக்கொண்டீர்கள். தீர்ப்பு அம்மா பக்கம்.

முதலில் சூட்டைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே மாதிரியான இரண்டு ஹோண்டா சிவிக் கார்கள், ஒன்று கறுப்பு, இன்னொன்று சில்வர். இரண்டையும் வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். சில்வர் காரின் மேற்கூரைச் சூடு கறுப்பைவிட 25 டிகிரி செல்சியஸ் வரை குறைவு. கையை வைத்தால் பொத்துப்போகும் வித்தியாசம் அது. ஆனால் உள்ளே இருந்த காற்றை அளந்தபோது வித்தியாசம் 5, 6 டிகிரிதான். காரணம், வெயிலில் பெரும்பங்கு கண்ணாடி வழியாக நேராக உள்ளே இறங்குகிறது. கண்ணாடிக்கு நீங்கள் என்ன நிறம் வாங்கினீர்கள் என்பது தெரியாது. ஆகவே கறுப்புக் கார் அடுப்பு, வெள்ளைக் கார் குளுகுளு என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வித்தியாசம் உண்டு. வண்டியை எடுத்ததும் ஏசி வேலை செய்ய ஆரம்பிக்கும் முதல் சில நிமிடங்களில் அது நன்றாகவே தெரியும், அவ்வளவுதான்.

என் கவலை சூடு அல்ல, துடைக்கிற துணி. கறுப்பு வண்டியில் தூசி படிந்தால் அரை மணி நேரத்தில் தெரியும். தெரிந்தால் கை சும்மா இருக்காது. காய்ந்த தூசியின் மேலேயே துணியை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்ப்போம். அந்தத் தூசியில் மணல் இருக்கிறது. கொஞ்ச நாளில் வெயில் பட்ட இடமெல்லாம் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். வெள்ளை வண்டியிலும் இதே கீறல்கள் விழுகின்றன. அடியில் இருக்கும் வெள்ளை கிட்டத்தட்ட எல்லா வெளிச்சத்தையும் திருப்பி அனுப்புவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கறுப்பில் கீறலின் விளிம்பு மட்டும் பளிச்சென்று மின்னும். பாலிஷ் போட்டால் போகும், சரி. ஆனால் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், சுமார் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடப் பெரும்பாலும் அதைவிட அதிகம். ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டுதான் பளபளப்பைக் கொடுக்கிறது.

பறவை எச்சம் இன்னொரு தொல்லை. அது அமிலத் தன்மை உள்ளது. சூடான பானட்டில் விழுந்து அப்படியே காய்ந்தால் கிளியர் கோட்டை அரித்துத் தடம் போட்டுவிடும். எந்த நிறத்திலும் இது நடக்கும், கறுப்பு சீக்கிரம் சூடாவதால் அங்கே வேகம் அதிகம், தடமும் தெளிவாகத் தெரியும்.

இதற்கெல்லாம் பிறகும் கறுப்புதான் என்றால், வண்டியை யார் கழுவப்போகிறார்கள் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். 'நான்தான், முதலில் நிறையத் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் மட்டும்தான் தொடுவேன்' என்று சொல்ல முடிந்தால் வாங்குங்கள். வேறு யாரோ வந்து வாளித் தண்ணீரில் ஒரே துணியை முக்கித் துடைப்பார் என்றால் வேண்டாம். வீட்டில் சமாதானம் முக்கியம் என்றால் நடுவில் கிரே இருக்கிறது. அழுக்கையும் கீறலையும் அதைவிட நன்றாக மறைக்கிற நிறத்தை நான் பார்த்ததில்லை.

கேள்வி: ஷோரூமில் சாதா வெள்ளைக்கு ஒரு விலை, பேர்ல் வெள்ளைக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். இரண்டும் வெள்ளைதானே அண்ணா? ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று இல்லை தம்பி. ஆனால் கூடுதல் விலையை நீங்கள் இரண்டு தடவை கொடுப்பீர்கள், ஷோரூமில் சொல்வது முதல் தடவையை மட்டும்.

தொழிற்சாலையில் காரின் வெறும் உடம்பை முதலில் பாஸ்பேட் கரைசலில் முக்குவார்கள். அப்புறம் மின்சாரம் பாய்ச்சிய தொட்டியில் முக்கித் துருப்பிடிக்காத ஒரு பூச்சு. அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியில் நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரும். சாதா வெள்ளையில் நிறம் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள், அவ்வளவுதான். மெட்டாலிக்கில் கண்ணுக்குத் தெரியாத அலுமினியச் செதில்கள் கலந்திருக்கும். பேர்லில் மேலே மெல்லிய பூச்சு போட்ட அபிரக (மைக்கா) செதில்கள். வெளிச்சத்தில் ஒரு பகுதி அதன் மேலேயே பட்டுத் திரும்பி, ஒரு பகுதி உள்ளே போய்த் திரும்பி வருவதால்தான் அந்த முத்து மினுமினுப்பு. பேர்ல் வெள்ளை பெரும்பாலும் மூன்று கட்ட வேலை: முதலில் வெள்ளை, அதன் மேல் பாதி ஒளி ஊடுருவும் பேர்ல் பூச்சு, அதற்கு மேல் கிளியர். ஒரு அடுக்கு கூடுதல், விலையும் கூடுதல். இது முதல் தடவை.

இரண்டாவது தடவை, முன் கதவில் எவனாவது இடித்துவிட்டுப் போகும் அன்று. சாதா வெள்ளை என்றால் டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்துத் தேய்த்து, நிற எண்ணை வைத்து ஷேடு கலந்து அந்தக் கதவை மட்டும் அடித்துக் கொடுத்துவிடலாம். கை பழகிய எந்தப் பையனும் செய்வான். மெட்டாலிக்கில் கதை வேறு. ஒரே டப்பாவில் இருந்து இரண்டு பேர் அடித்தால் இரண்டு ஷேடு வரும். ஸ்ப்ரே கன்னை எட்டப் பிடித்துக் காய்ந்தாற்போல் அடித்தால் செதில்கள் மேலாகப் படுத்து நிறம் வெளிறும். கிட்டே பிடித்து ஈரமாக அடித்தால் செதில்கள் உள்ளே இறங்கி நிறம் கருக்கும். காற்றழுத்தம், அன்றைய வெப்பம் எல்லாமே கைவரிசையைக் காட்டும். பேர்லில் இதற்கும் மேலே, நடு அடுக்கை எத்தனை கோட் அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஷேடே மாறிவிடும்.

அதனால் நல்ல பெயிண்டர் கதவோடு நிறுத்த மாட்டார். பக்கத்தில் முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடான ஃபென்டரிலும் பின் கதவிலும் நிறத்தை மெல்ல மெல்லக் கரைத்துவிட்டு, மூன்றுக்கும் முழுசாகக் கிளியர் அடிப்பார். ஒரு கதவில் விழுந்த அடிக்கு மூன்று பேனலுக்குக் கூலி. சிலர் இதைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்காரன் கொள்ளையடிக்கிறான் என்கிறார்கள். கதவோடு நிறுத்திய வண்டியைச் சாயங்கால வெயிலில் ஒருமுறை பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மஸ்டா கம்பெனியின் சோல் ரெட் கிரிஸ்டல் என்று ஒரு சிவப்பு இருக்கிறது. அலுமினியச் செதில் உள்ள அடுக்கின் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு அடுக்கு. பார்க்க அவ்வளவு அழகு. பட்டறை வாசலில் வந்து நின்றால் எங்களுக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

ஆக, நெருக்கமான இடத்தில் நிறுத்தி எடுக்கும் வண்டி, ஓட்டப் பழகும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள் என்றால் சாதா வெள்ளை. வண்டிக்குத் தனி இடம் இருக்கிறது, அந்த மினுமினுப்பு பிடித்திருக்கிறது என்றால் பேர்ல். அடிபட்டு வேலைக்கு விடும்போது, 'ஒரு தகட்டில் அடித்துக் காயவைத்து வெயிலில் காட்டுங்கள், அப்புறம் வண்டியில் அடியுங்கள்' என்று கேளுங்கள். முகம் சுளிக்கும் பட்டறை என்றால் வேறு பட்டறை.

கேள்வி: எந்த நிறக் கார் பாதுகாப்பானது?

பதில்: ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் விபத்து ஆய்வு மையம் 2007-இல் இதை ஆராய்ந்தது. வெள்ளையோடு ஒப்பிட்டால் பகல் வெளிச்சத்தில் கறுப்புக் கார்களுக்கு விபத்து வாய்ப்பு சுமார் 12 சதவீதம் அதிகம் என்று கண்டது. கிரே, சில்வருக்கும் கொஞ்சம் கூடுதல்தான். தார் ரோட்டின் நிறத்தோடு ஒட்டிப்போகிற வண்டி எதிரில் வருபவர் கண்ணில் தாமதமாகப் படுகிறது, இதில் ஆச்சரியமில்லை. மேலே கிரேயைப் புகழ்ந்தவன் நான்தான். அதனால் கிரே வாங்குகிறவர்கள் மழையிலும் மங்கலான நேரத்திலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.

கேள்வி: சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகிவிடும் என்று என் மாமனார் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: உங்கள் மாமனார் பார்த்த காலத்துக் கார்களில் அது நூற்றுக்கு நூறு உண்மை. அப்போது மேலே கிளியர் கோட் இல்லை, நிறமே நேராக வெயில் குடித்தது. சிவப்பு நிறமிகளில் பல, வெயிலில் உடைகிற கரிமச் சேர்மங்கள். பானட்டும் மேற்கூரையும் முதலில் மங்கும், கையை வைத்தால் சுண்ணாம்புத் தூள் மாதிரி நிறம் ஒட்டிக்கொண்டு வரும். இப்போது கிளியர் கோட்டிலேயே புற ஊதாக் கதிரை வடிகட்டும் பொருள் கலக்கிறார்கள். நிறமியும் மாறிவிட்டது. பிக்மென்ட் ரெட் 254 என்று ஒன்று, பெயிண்ட் தொழிலில் அதற்கு 'ஃபெராரி சிவப்பு' என்றே செல்லப்பெயர், வெயிலுக்கு நன்றாகத் தாங்கும். ஆனாலும் நேர் வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் கிளியர் கோட்டே உரியும். உரிந்த பிறகு சிவப்பும் தப்பாது, நீலமும் தப்பாது. மாமனாரிடம் வண்டிக்கு நிழல் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் எடுக்கலாமா?

பதில்: பாலிஷ் போட முடியாது. போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பேனல் முழுவதும் மறுபடி அடிக்க வேண்டும். மெஷின் பிரஷ் வைத்துக் கழுவும் இடத்துக்குள் போகவே கூடாது. இதைப் படித்த பிறகும் ஆசை போகவில்லை என்றால், சாதா நிறத்தில் வாங்கி மேலே மேட் வினைல் ஒட்டிக்கொள்ளுங்கள், சலித்தால் உரித்துவிடலாம். வெளி நிறம் மாறினால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி உண்டு. ஒட்டுவதற்கு முன் விசாரியுங்கள்.

கேள்வி: புது வண்டி எடுத்து வந்தோம். வீட்டில் வந்து பார்த்தால் பம்பர் ஒரு ஷேடு, ஃபென்டர் ஒரு ஷேடு. நிறம் சில்வர். அடிபட்ட வண்டியைப் பெயிண்ட் அடித்து எங்கள் தலையில் கட்டிவிட்டார்களோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: முதலில் தூங்குங்கள் அம்மா. பம்பர் பிளாஸ்டிக். அதைப் பெரும்பாலும் தனி இடத்தில், குறைந்த சூட்டில், வளைந்தால் விரிசல் விடாத வேறு வகைப் பெயிண்டில் அடித்துக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். செதில்கள் வேறு மாதிரிப் படுக்கின்றன. சில்வரிலும் வெளிர் மெட்டாலிக் நிறங்களிலும் அது கண்ணைக் குத்தும். நேராக நின்று பார்த்தால் ஒன்றாகத் தெரியும், சாய்ந்து பார்த்தால் வேறாகத் தெரியும். பல புது வண்டிகளில் இது உண்டு.

தகரத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கதவு ஒரு மாதிரி, பக்கத்து ஃபென்டர் ஒரு மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். கதவு, கண்ணாடி ஓரங்களில் இருக்கும் ரப்பர் பீடிங்கின் ஓரத்தை மெல்ல மடித்துப் பாருங்கள், கீழே பெயிண்ட் விளிம்பு கோடாகத் தெரிந்தால் யாரோ மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்திருக்கிறார்கள். கதவு போல்ட்டின் தலையில் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறதா பாருங்கள், ஸ்பேனர் பட்ட அடையாளம் அது. பெயிண்ட் தடிமன் அளக்கும் சின்ன மீட்டர் பட்டறைகளில் இருக்கும். எல்லாப் பேனலும் 120 மைக்ரான் பக்கம் காட்டி, ஒன்று மட்டும் 250, 300 என்று காட்டினால் மறுபடி அடித்தது. அதற்கும் பல மடங்கு மேலே போனால் உள்ளே பட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் ஒன்றும் காட்டாது, அதை வைத்துக் குழம்ப வேண்டாம்.

இந்தச் சோதனையெல்லாம் வண்டி உங்கள் பெயருக்குப் பதிவாகும் முன், கழுவிய வண்டியில், பகல் வெளிச்சத்தில் செய்வது நல்லது. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் வண்டியை ஒப்படைக்கிறேன் என்றால் நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் எல்லாக் காரும் கறுப்பாமே? வேறு பெயிண்ட் இல்லையா?

பதில்: ஃபோர்டு மாடல் டி-யை வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1908-இல் அது வந்தபோது சிவப்பு, பச்சை, கிரே என்றெல்லாம் கிடைத்தது. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு மட்டும். அந்தக் கறுப்பு விலை குறைவு, நீண்ட நாள் தாங்கும், ஒரே நிறம் என்றால் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ள வசதி. அப்போது மற்ற கார்களுக்கு வார்னிஷ் கோட் மேல் கோட்டாகப் பூசிக் காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் கம்பெனியின் டூக்கோ லேக்கர் வந்துதான் அதை மணிக்கணக்கில் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 1924 மாடல் ஓக்லாண்டு கார் அதில் நீலமாக வந்தது, அதற்குப் பிறகு வாடிக்கையாளர் கறுப்போடு திருப்திப்படவில்லை. 1926 மாடலில் ஃபோர்டும் மறுபடி நிறங்களுக்கு வந்தாக வேண்டியிருந்தது.

இதில் வேடிக்கை, நிறம் கிடைக்காமல் போவது இந்தக் காலத்திலும் நடந்திருக்கிறது. 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, ஒனஹாமாவில் இருந்த ஒரு தொழிற்சாலை நின்றது. மினுமினுப்புக்காகச் சேர்க்கும் 'சிராலிக்' என்ற நிறமி உலகத்திலேயே அங்கே மட்டும்தான் தயாரானது. ஃபோர்டு உள்படப் பெரிய கம்பெனிகள் சில கறுப்பு, சிவப்பு ஷேடுகளுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்திவைத்தன. இஞ்சின் இருக்கிறது, டயர் இருக்கிறது, மினுமினுப்பு இல்லை!

கேள்வி: எனக்கு மஞ்சள் கார் வேண்டும். இது என் முதல் கார், என் சம்பளம். விற்கும்போது யாரும் வாங்க மாட்டார்கள் என்று அண்ணன், அப்பா, ஆபீஸ் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

பதில்: மஞ்சளே வாங்குங்கள்மா.

விற்பனை பற்றி அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெள்ளை, கிரே, கறுப்பு, சில்வர் என்றால் பத்துப் பேர் பார்க்க வருவார்கள். மஞ்சளுக்கு இரண்டு பேர் வருவார்கள், ஆனால் அந்த இரண்டு பேரும் மஞ்சளைத் தேடி வந்தவர்கள். காத்திருக்க முடிந்தால் பெரிய நஷ்டம் இல்லை, அவசரத்துக்கு விற்றால் கொஞ்சம் அடிபடும். இரண்டு வருடத்தில் வண்டி மாற்றும் எண்ணம் இருந்தால் யோசியுங்கள். பத்து வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால், அன்றைக்கு வாங்க வருகிறவர் நிறத்தைவிட இஞ்சினைத்தான் பார்ப்பார். முகம் தெரியாத அந்த ஆளுக்காகப் பத்து வருடம் பிடிக்காத வண்டியை ஏன் ஓட்ட வேண்டும்?

பெயிண்ட் கம்பெனிகள் வருடா வருடம் வெளியிடும் அறிக்கைகளில் பத்து வருடத்துக்கும் மேலாக உலக அளவில் வெள்ளைதான் முதலிடம். அத்தனை பேரும் வெள்ளையை ஆசைப்பட்டா வாங்குகிறார்கள்? பாதிப் பேர் உங்கள் அண்ணன் மாதிரி ஒருவர் சொன்னதைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். இது என் சொந்த அபிப்பிராயம், அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் செய்யுங்கள். கைக்குள் அடங்கும் மாதிரி அட்டையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அட்டையில் இதமாக இருக்கும் மஞ்சள் முழுக் காரில் கூச்சல் போடும். ஷோரூம் விளக்கும் நம்பத்தக்கதல்ல, எல்லா நிறமும் அழகாகத் தெரியத்தான் அந்த விளக்கு. அதே ஷேடு வண்டியை உச்சி வெயிலில் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு தெரு விளக்கின் கீழே ஒரு தடவை பாருங்கள். முடிந்தால் மூன்று, நான்கு வருடம் ஓடிய வண்டியாக ஒன்றைத் தேடிப் பாருங்கள். அழுக்கோடு நிற்கும்போதும் உங்களுக்குப் பிடித்திருந்தால் முன்பணம் கட்டுங்கள்.

கேள்வி: நான் கேட்ட நீலத்துக்கு மூன்று மாதம் ஆகுமாம். வெள்ளை இன்றைக்கே இருக்கிறதாம். 'வெள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள், நாங்களே நீலம் அடித்துத் தருகிறோம்' என்கிறார் விற்பனையாளர். சம்மதிக்கலாமா சார்?

பதில்: வேண்டவே வேண்டாம். தொழிற்சாலையில் நிறம் ஏறும்போது அந்தக் கார் வெறும் தகர உடம்பு. சீட், வயர், ரப்பர், கண்ணாடி ஒன்றும் இருக்காது. அதனால் 140 டிகிரி பக்கம் சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். முழு வண்டியை அந்தச் சூட்டில் வைத்தால் உள்ளே எல்லாம் உருகிவிடும். பட்டறையில் நாங்கள் சுடுவது 60 டிகிரி பக்கம்தான். எவ்வளவு நல்ல பெயிண்டர் அடித்தாலும் கம்பெனிப் பெயிண்டின் உறுதி அதற்கு வராது, பெயிண்டரே சொல்கிறேன். மேலும் கதவைத் திறந்தால் உள் விளிம்பு வெள்ளை, பானட்டைத் தூக்கினால் வெள்ளை. விற்கப் போனால், 'எங்கே அடிபட்டது?' என்பதுதான் முதல் கேள்வி.

மூன்று மாதம் காத்திருங்கள். வண்டி வந்ததும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், வேறு ஊர் யார்டில் வெயிலில் கிடந்த வண்டியாக இருக்கக் கூடாது. கதவுச் சட்டத்தில் அல்லது பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் நிற எண் இருக்கும், அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அதே எண்ணுக்கு ஒரு டச்-அப் பெயிண்ட் பாட்டிலும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார்கள்.